போர் போட்டால் ஒரு தாளாவது எழுதிக் கொடுங்கள்

"எத்தனை அடி போட்டீங்க?" போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நானும் 480 அடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் எவ்வளவு கீழே போகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, துளையின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் எங்கே முடிகிறது? ஒன்றும் எனக்குத் தெரியாது. போட்டவர்களும் சொல்லவில்லை. வீட்டில் வேறு எதற்காவது இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு கையில் ஒரு தாள்கூட இல்லாமல் நிற்போமா? போர் விஷயத்தில் மட்டும் நிற்கிறோம், அதுவும் வாயை மூடிக்கொண்டு.

நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் என் ஆத்திரம் புரியும். பழைய போர் பன்னிரண்டு வருஷம் ஓடியது. மூன்று மாதத்துக்கு முன்னால் தண்ணீர் குறைய ஆரம்பித்தது, மேல் தொட்டி நிறைய முன்பு எடுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆனது. மோட்டார் பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். வந்தார், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஆம்ப்ஸ் பார்த்தார், குழாயிலிருந்து விழுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஊற்று போயிடுச்சு சார், போர் செத்துப்போச்சு, புதுசு போட்டுடுங்க." ஐந்து நிமிஷம்! ஒரு கயிற்றில் எடையைக் கட்டி உள்ளே விட்டு தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை, பைப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. கூடவே போர் துளைக்கிற ரிக் வண்டிக்காரர் நம்பரையும் அவரே கொடுத்தார். நான் நம்பினேன். வீட்டில் தண்ணீர் இல்லாதபோது யார் எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும், அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே நடக்கிறது.

வண்டி வந்தது. முதல் சண்டை இடத்துக்காக. வண்டி திரும்ப வசதியான மூலையில் குறி வைத்துவிட்டார்கள். நாடா வைத்து அளந்தால் செப்டிக் டேங்கிலிருந்து 22 அடி! குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், கழிவுநீர் மண்ணில் இறங்குகிற இடமென்றால் 100 அடி என்று பல நாட்டு விதிகளில் இருக்கிறது. "பாறைக்குள்ள எல்லாம் ஒண்ணும் வராது சார்" என்கிறார் வண்டிக்காரர். பாறையில் வெடிப்பு வழியாகத்தானே ஐயா தண்ணீரே வருகிறது, அதே வழியில் சாக்கடை வராதா? அந்தச் சண்டையில் மட்டும் நான் ஜெயித்தேன்.

துளை இறங்கியது. 140 அடியில் முதல் தண்ணீர், 210 அடியில் இன்னொரு வெடிப்பு, நன்றாகவே பீறிட்டது. அதற்கப்புறம் ஒரு சொட்டு கூடவில்லை. ஆனாலும் துளைக்கிற கம்பியை ஒவ்வொன்றாக இணைத்து "இன்னும் ரெண்டு ராடு பார்ப்போம்", "இன்னும் ரெண்டே ரெண்டு" என்று 480 வரை இறக்கினார்கள். கூலி அடிக்கணக்கில், அப்புறம் ஏன் நிறுத்துவார்கள்? கடினப் பாறையில் ஆழம் போகப் போக மேலிருக்கும் பாரத்தில் வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகும், தண்ணீர் பெரும்பாலும் மேல் பகுதியிலும் சிதைந்த பாறையிலும்தான் கிடைக்கும். தினமும் பாறையைத் துளைக்கிறவருக்கு இது தெரியாதா? ஆழமாகப் போனால் சில இடத்தில் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 270 அடி ஒன்றும் கிடைக்காமல் போகிறதென்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

முடித்ததும் கம்ப்ரசரை வைத்து ஊதினார்கள். தண்ணீர் வானத்துக்கு அடித்தது, எல்லோரும் கை தட்டினோம். கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு "சூப்பர் தண்ணி சார்" என்று வண்டியைக் கட்டிவிட்டார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அங்குலத் துளையில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் ஐந்தரை லிட்டர் நிற்கும். 400 அடி தண்ணீர் நின்றால் 2,200 லிட்டர், அது ஏற்கெனவே குழிக்குள் தேங்கிக் கிடக்கிற தண்ணீர். அதை வெளியே தள்ளிக் காட்டினால் ஊற்றின் பலம் எப்படித் தெரியும்? ஒரே அளவில் சில மணி நேரமாவது இறைத்து, மட்டம் இறங்குவதை நேரம் போட்டுக் குறித்து, நிறுத்தி, திரும்ப ஏறுவதையும் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எத்தனை குதிரைத் திறன் மோட்டார், எந்த அடியில் தொங்கவிடுவது என்றே முடிவு செய்ய முடியும். அதைச் செய்யாமல் பெரிய மோட்டாரை மாட்டினால் ஊற்று கொடுப்பதைவிட வேகமாக இறைத்து, வறண்டு ஓடி, மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். கருகினால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: "போர்ல தண்ணி இல்ல சார்."

இனிமேல்தான் பெரிய கொடுமை. முதல் மழை பெய்த மறுநாள் குழாயில் செம்மண் கலரில் தண்ணீர். பக்கெட்டின் அடியில் விரல் கனத்துக்கு வண்டல். இரண்டு நாளில் தெளிந்தது, அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே கதை. கேமரா விட்டுப் பார்க்கிறவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். சின்னத் திரையில் நானே பார்த்தேன்: 40 அடியில் கேசிங் பைப் முடிகிறது, அதன் விளிம்புக்குக் கீழே சிதைந்த பாறை பொரபொரவென்று உதிர்ந்து நிற்கிறது, விளிம்புக்கு வெளிப்பக்கத்திலிருந்து கலங்கல் தண்ணீர் நூல் மாதிரி வழிகிறது. பில்லில் இருப்பது 60 அடி கேசிங். 20 அடி நீளத்தில் மூன்று பைப்புக்குக் காசு வாங்கிவிட்டு இரண்டைத்தான் இறக்கியிருக்கிறார்கள்! மூன்றாவது வண்டியிலேயே திரும்பிப் போயிருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்திலும் தூசியிலும் நான் எதை எண்ணுவேன்?

கேசிங் என்பது மண் சரியாமல் பிடிப்பதற்கு மட்டுமில்லை, மேல்தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதற்கும்தான். அது கெட்டிப் பாறைக்குள் போய் உட்கார வேண்டும், வெளிப்பக்கத்து இடைவெளியை சிமென்ட் கலவையாலோ பெண்டோனைட் களிமண்ணாலோ அடைக்க வேண்டும். எனக்கு என்ன போட்டு அடைத்தார்கள் தெரியுமா? துளையிலிருந்து வந்த அதே பாறைத் தூள். மழைத்தண்ணீர் தோட்டத்து எருவையும் கழுவிக்கொண்டு பைப் ஓரமாக நேராக உள்ளே இறங்குகிறது, அதைத்தான் வீட்டில் குழந்தைகள் உட்படக் குடித்துக்கொண்டிருந்தோம். புதுப் போருக்கு குளோரின் போட வேண்டும், கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் ஃப்ளோரைடுக்கும் ஆர்சனிக்குக்கும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஆர்சனிக்குக்கு நிறம் கிடையாது, ருசி கிடையாது, வாசனை கிடையாது. சோதிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வாரம் பழைய போரிலிருந்து மோட்டாரைத் தூக்கினோம், வேறு எங்காவது பயன்படும் என்று. நாலாவது பைப் வெளியே வந்தபோது இணைப்புக்குக் கீழே ஒரு ஓட்டை, சுண்டு விரல் நுழைகிற அளவு, சுற்றிலும் துரு. மேலே ஏற வேண்டிய தண்ணீர் பாதி அந்த வழியாகத் திரும்பக் குழிக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறது. கயிறு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் 68 அடியில் நிற்கிறது. ஊற்று எங்கேயும் போகவில்லை, போர் சாகவில்லை! ஒரே ஒரு பைப் மாற்றியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரிக் வண்டிக்காரருக்கு போன் போட்டேன். எந்த அடியில் என்ன மண், எங்கே பாறை, எங்கே தண்ணீர், எத்தனை அடி கேசிங் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்கிறார். நான் கேட்கிறேன்! ராடு ராடாக எண்ணிக் கூலி வாங்கத் தெரிகிறது, அதே எண்ணிக்கைக்குப் பக்கத்தில் "செம்மண்", "கருங்கல்", "தண்ணீர்" என்று ஒரு வார்த்தை எழுதக் கை வராதா? பல இடங்களில் சட்டமே கேட்கிற தாள் இது. இன்னும் பத்து வருஷம் கழித்து இந்தப் போரில் பிரச்சினை வந்தால் பார்க்க வருகிறவருக்கு வேறு எது வழிகாட்டும்? மூன்றாவது பைப்புக்கான காசையும் கேட்டேன், லைன் கட்டானது.

பழைய போரைக் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. அடியிலிருந்து களிமண்ணோ சிமென்ட்டோ போட்டு நிரப்பி மூட வேண்டியதை, மோட்டாரை எடுத்த கையோடு ஒரு கோணிப்பையைச் செருகிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடம் அது. நான் கத்திய கத்தில்தான் இரும்பு மூடி வந்தது.

நாளைக்குக் காலையில் பழைய போருக்குப் புது பைப் இறங்குகிறது, ஆளும் வேறு ஆள். மட்டம், ஆழம், மோட்டார் தொங்கும் அடி மூன்றையும் என் கண் முன்னால் அளந்து எழுதிய பிறகுதான் ஸ்விட்சைத் தொட விடுவேன். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன்.