ஆபர்லைன் 1888ல சீஃப் இன்ஸ்பெக்டரா?

1888ல லண்டன்ல பொண்ணுங்களை வரிசையா கொன்ன, கடைசிவரை யாருன்னே தெரியாத கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் கேஸை நடத்துன "சீஃப் இன்ஸ்பெக்டர் ஆபர்லைன்" போதைக்கு அடிமையாகி சின்ன வயசுலயே செத்துட்டாருன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, ரெண்டுமே தப்புங்க. 1888 செப்டம்பர் 19 தேதி போட்ட அவரோட ரிப்போர்ட்லயே பேருக்குப் பக்கத்துல இன்ஸ்பெக்டர்னுதான் இருக்கு, சீஃப் ஆனது 1890 டிசம்பர்லதான், அதுவரைக்கும் முதல் வகுப்பு இன்ஸ்பெக்டர். இன்னொண்ணு, ஸ்காட்லாந்து யார்டுல (லண்டன் போலீஸ் தலைமையகம்) மொத்தக் கேஸுக்கும் பொறுப்பா இருந்தது டொனால்ட் ஸ்வான்சன்ங்கிற அதிகாரி, ஆபர்லைன் கொலைகள் நடந்த வைட்சாப்பல் பகுதி தெருவுல எறங்கி வேலை பாத்தவரு. பழைய பதவி பாக்கும்போது பின்னாடி கெடைச்ச பட்டத்தை முன்னாடி ஒட்டுறது எல்லாரும் பண்ற தப்புதான் (நானும் பண்ணிருக்கேன்).  சின்ன வயசுல செத்ததும் இல்ல, மனுஷன் 1892ல ரிட்டயர்டு ஆகி, 1929ல இங்கிலாந்தோட போர்ன்மத் ஊர்ல 86 வயசுலதான் காலமானாரு.