முகப்பரு மாத்திரை கருவின் கண்ணுக்கு நல்லதல்ல

"முகப்பருவுக்குப் போடும் ஐசோட்ரெட்டினாயின் வெறும் வைட்டமின் ஏ தானே, வயிற்றுப் பிள்ளையின் கண்ணுக்கு நல்லது" என்று மேலே எழுதியிருக்கும் தண்டையார்பேட்டை அண்ணா, தயவுசெய்து அதைத் திருத்துங்கள். இங்கே மாசமாக இருக்கும் பெண்களும் படிக்கிறார்கள்.

வைட்டமின் ஏ இல்லாமல் கண் உருவாகாது என்பது சரி. 1930களில் ஹேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தச் சத்தில்லாத தீனி போட்டு வளர்த்த பன்றி, கண்விழியே இல்லாத குட்டிகளை ஈன்றது. ஆனால் கூடினாலும் ஆபத்துதான். உடம்பில் அது ரெட்டினாயிக் அமிலமாக மாறி, கருவில் எந்த செல் எப்போது என்னவாக வேண்டும் என்று மரபணுக்களுக்குச் சொல்கிறது. இடத்துக்கு இடம் அதன் அளவு மாற வேண்டும். இந்த முகப்பரு மாத்திரையும் அந்த அமிலத்தின் ஒரு வகைதான்; அது அந்தக் கணக்கையே குலைத்துவிடும். காது, முகம், மூளை, இதயம் பாதிக்கும்; கண் சிறுத்துப் பிறப்பதும் உண்டு.

கண் உருவாகத் தொடங்குவது கருத்தரித்த நாலாவது வாரத்தில். உண்டாகியிருப்பதே பலருக்கு அப்போது தெரியாது. அதனால்தான் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துக் கருத்தரிக்கச் சொல்கிறார்கள்.

முருங்கைக்கீரை, கேரட், காசிமேட்டு மத்தி தாராளமாகச் சாப்பிடலாம். கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். ஈரலும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அப்படியல்ல, அவற்றில் வைட்டமின் ஏ நேரடியாகவே இருக்கிறது; டாக்டரைக் கேளுங்கள். தெரியாமல் ஐசோட்ரெட்டினாயின் போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு இன்றே அவரைப் பாருங்கள்.