சமாதானப்படுத்துவது யாரை?

"குடிநீர் கேட்டுச் சாலை மறியலில் ஈடுபட்ட பொதுமக்களை அதிகாரிகள் சமாதானப்படுத்தியதை அடுத்து அவர்கள் கலைந்து சென்றனர்" என்ற வரியை நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் எத்தனை முறை படித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. குடிநீர் வந்ததா என்பது அந்தச் செய்தியில் பெரும்பாலும் இருக்காது. இது செய்தியாளரின் குறை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பாதிக் குறை அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

'சமாதானம் செய்துகொள்' என்னும்போது 'அவரோடு' என்று இன்னொருவரை அந்த வினை கேட்கிறது. இருவர் இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'சமாதானப்படுத்து' என்பதோ 'அவரை' என்று இரண்டாம் வேற்றுமையில் ஒருவரை நிறுத்திவிட்டாலே நிறைவடைந்துவிடுகிறது. அந்த ஒருவர் அழுகிற குழந்தையாக இருக்கலாம், மரியாதை குறைந்துவிட்டதென்று பந்தியிலிருந்து எழுந்த மாமாவாக இருக்கலாம். எப்படியும் அவர் மனம் நொந்தவர். நோகச் செய்தவர் அந்த வாக்கியத்துக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. 'இரு தரப்பினரையும் சமாதானப்படுத்தினர்' என்றும் எழுதுகிறோமே என்று கேட்கலாம். எழுதுகிறோம்தான், ஆனால் அங்கும் இருவரின் கோபம் அடங்கியது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி சொல்வதில்லை.

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், மத்தேயு 5:9-இல், 'சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்றுதான் இருக்கிறது. 'படுத்துகிறவர்கள்' என்று இல்லை. தருக்கத்தில் ஆட்சேபத்துக்குத் தரும் விடைக்கே சமாதானம் என்று பெயர். அந்த விடை இன்று 'ஏதோ ஒரு சமாதானம் சொன்னான்' என்று சாக்குப்போக்கின் அளவுக்கு இறங்கிவிட்டது தனிக்கதை.

இந்த விஷயத்தில் பிள்ளைகளின் தமிழ் நம்முடையதைவிட நேர்மையானது. காய் விடுவதை ஒருவரே செய்துவிடலாம். பழம் விடுவதற்கு எதிரே நிற்பவரும் விரலை நீட்ட வேண்டும். 'ராசியாகிவிட்டார்கள்' என்ற பேச்சுவழக்கிலும் இருவர் இருந்தே தீர வேண்டும்.

புறநானூற்றின் 45ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. உறையூரை முற்றுகையிட்டிருந்த சோழன் நலங்கிள்ளியையும், கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த சோழன் நெடுங்கிள்ளியையும் புலவர் கோவூர்கிழார் பாடியது அது. எதிரே இருப்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலையும்) சோழருக்குரிய ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். 'ஒருவீர்', 'இருவீர்' என்று இருவரையும் முன்னிலையில் வைத்தே பேசுகிறார். பாட்டின் துறை, அதாவது பொருள்வகை, துணைவஞ்சி. அத்துறையை விளக்கப் பழைய வழக்கில் நின்ற தொடர் 'சந்து செய்வித்தல்', பகைத்தவர்களை இணங்கச் செய்தல். இன்று சந்து என்றால் நமக்குக் குறுகிய தெரு மட்டுமே.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் வீட்டுச் சொத்துப் பங்கீடு. அத்தைக்குச் சேரவேண்டிய பங்கு குறைந்துபோனது. குறைத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்கள் நால்வர் அத்தையிடம் சென்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பி, "சமாதானப்படுத்திவிட்டோம்" என்றார்கள். மறுநாள் நான் போனபோது அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சண்டை போட்டது நானா? என்னை எதுக்குப்பா சமாதானப்படுத்தினாங்க?"