முக்கால் பங்கு கணக்கில் விட்டுப்போனது

"வேலைக்காரத் தேனீக்குச் சகோதரியோடு 75% உறவு, சொந்த மகளோடு 50% தான். அதனால்தான் தான் முட்டையிடாமல் தங்கைகளை வளர்க்கிறது" என்று சொல்வது பாதிக் கணக்கு. (இங்கே உறவு என்பது இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கு.)

75% எப்படி வருகிறது என்பது சரிதான். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் குரோமோசோம் ஒற்றைத் தொகுதிதான். அதன் விந்தணுக்கள் எல்லாம் ஒரே நகல். ஆகவே சகோதரிகளுக்குத் தந்தை வழிப் பாதி முழுவதும் பொது (50%), தாய் வழியில் சராசரியாகப் பாதி (25%). ஆனால் அதே காரணத்தால், அதாவது சகோதரனுக்குத் தந்தையே இல்லாததால், அவனோடு உறவு 25% ஆக இறங்கிவிடுகிறது. இருபாலையும் சரிபாதியாக வளர்த்தால் சராசரி 50%. சொந்தப் பிள்ளை பெற்றாலும் அவ்வளவுதான், லாபம் எங்கே?

தவிர, அந்த 75% ராணி ஒரே ஆணோடு இணைந்தால் மட்டுமே. தேனீ ராணி வழக்கமாகப் பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு இணைகிறது. பத்து என்றே வைத்தால், சகோதரிகளுக்குள் சராசரி உறவு 25 + 50/10, அதாவது 30%.

இந்தச் சரிவின் விளைவைக் கூட்டுக்குள்ளேயே பார்க்கலாம். வேலைக்காரத் தேனீயால் கருவுறாத முட்டையிட்டு மகனைப் பெற முடியும். ஆனால் மற்றொரு வேலைக்காரியின் மகன் இதற்கு 15% (30%-இல் பாதி) உறவு, ராணியின் மகனோ 25%. ஆகவே சக வேலைக்காரிகள் இட்ட முட்டைகளைத் தேடித் தின்றுவிடுகின்றன. (தங்கைப் பாசம் இவ்வளவுதான்!)

கறையானில் ஆண், பெண் இரண்டுக்குமே இரட்டைத் தொகுதி. 75% என்ற பேச்சே இல்லை, ஆனாலும் உழைப்பாளிகள் உண்டு. பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் தந்த விதியில் உறவு ஒரு காரணி மட்டுமே: உறவு விகிதத்தை உறவினர் பெறும் நன்மையால் பெருக்கினால், அது உதவுபவரின் இழப்பை மிஞ்ச வேண்டும், அப்போதுதான் உதவும் குணம் பரவும். தனியாகக் கூடு கட்டிப் பிழைப்பது அரிதென்றால் இழப்பு குறைவு. 50% உறவே போதும்.