உள்ளறை முதலில், கூடு பிறகு
"வெளிக்கூட்டை முடித்துவிட்டு உள்ளறைகளைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று, லெகோ விண்கலம் கட்டுவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது சரிப்படாது. நான் அப்படிச் செய்து மூன்று மாதம் வீணாக்கியவன். 90 குமிழ் (செங்கலின் மேலே இருக்கும் வட்டப் புடைப்பு) நீள லெகோ விண்கலம், வெளியே பார்க்க அம்சமாக வந்தது. உள்ளே லெகோ மனிதப் பொம்மையை நிறுத்தினால் தலை இடித்தது. தொப்பி இல்லாமலே அது நாலு செங்கல் உயரம், ஏறக்குறைய 4 செ.மீ. ஹெல்மெட் மாட்டினால் ஐந்தாவது செங்கலுக்கும் இடம் விட வேண்டும். போதாக்குறைக்கு, பாரம் தாங்கும் டெக்னிக் சட்டமும் (துளையுள்ள லெகோ துண்டுகளால் ஆனது) பக்கவாட்டில் திருப்பி மாட்டும் பிளேட்டுகளும் (மெல்லிய தட்டைத் துண்டுகள்) இடத்தைத் தின்றுவிடும். அடுத்த முறை சமையலறை, படுக்கை, ஆறு குமிழ் அகல நடைபாதை எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டியாகக் கட்டி, சுற்றிலும் கூடு போட்டேன். ஐந்து பிளேட் கனமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்றுதான், இரண்டும் 16 மி.மீ.; இந்தக் கணக்கு பிடிபட்டதும் சுவர்கள் தானாகப் பொருந்தின. மேலே கருத்து எழுதிய ஒருவர், லெகோ மாதிரிகளைக் கணினியில் வடிவமைக்கும் ஸ்டுடியோ மென்பொருளில் வரைந்து பார்த்தாலே போதும் என்கிறார். திரையில் எல்லாம் பொருந்தும் சார், ஆனால் விரல் நுழையுமா என்று அது சொல்லாது. இருக்கைக்கு அடியில் விழுந்த பைலட்டை எடுக்க நான் வீட்டில் புருவம் திருத்தும் இடுக்கியைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.