ஹில்குரோவில் யார் டிக்கெட் எடுத்தார்கள்?
பேருந்து வந்து பயணிகள் குறைந்ததால்தான் ஹில்குரோவ் போன்ற நீலகிரி மலை ரயில் நிலையங்கள் ஆளில்லாமல் போயின என்று இந்த ரயிலைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது பொருந்தவில்லை. சுற்றிலும் காடு, டிக்கெட் எடுத்து ஏற அங்கே ஊர் எது? பயணிகளை நம்பிய நிலையம் என்றால் அரவங்காட்டைச் சொல்லலாம், அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 1899-ல் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தபோது ஹில்குரோவ் தேவைப்பட்டது எஞ்சினுக்குத்தான். மலையடிவார நிலையமான கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களுள்ள பட்டையைப் பற்றிக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டும். ஆகவே அங்கே குடியிருந்ததும் ரயில்வே ஆட்கள்தான். என் பெரியப்பா அந்தப் பாதையில் கேங்மேன். சுத்தியலும் ஸ்பேனருமாக விடியற்காலையில் கிளம்பி, நடுவிலுள்ள பல் பட்டைகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஐப்பசி மழையில் பாறை உருண்டிருந்தால் வண்டி வருவதற்குள் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் ரயிலில்தான் வரும், மண் சரிந்து வண்டி நின்றுவிட்டால் பெரியம்மா பாடு திண்டாட்டம் (இருப்பதைத் தூக்கிப்போகக் குரங்குகள் வேறு!). அப்புறம், கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நிலையங்கள் ஆளில்லாமல் போனதற்கு டீசல் எஞ்சின் வந்ததுதான் காரணம் என்கிறார். டீசல் எஞ்சின் ஓடுவது குன்னூர்–ஊட்டி பகுதியில். கீழே இன்னும் நீராவிதான், நிலக்கரிக்குப் பதில் பெரும்பாலும் எண்ணெய் எரிகிறது, அவ்வளவே. தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் வண்டி இன்றும் நிற்கிறது.