தந்திக்கு முன்பே எரிந்த தபால் பை

"தந்தி வந்த பிறகுதான் அமெரிக்காவில் அடிமைமுறை எதிர்ப்பு தெற்கு மாநிலங்களை எட்டியது, மோர்ஸ்தான் விடுதலைக்கு வழி திறந்தார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். காலக்கணக்கே இடிக்கிறது. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே, தந்தியை உருவாக்கிய மோர்ஸின் முதல் செய்தி போனது 1844-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சண்டை தெருவுக்கு வந்துவிட்டது.

அடிமைமுறை எதிர்ப்பைத் தெற்கே கொண்டுபோனவை நீராவி அச்சு இயந்திரமும் தபாலும். நியூயார்க்கிலிருந்த அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம், 1835-இல் மலிவாக அச்சிட்ட இதழ்களைத் தெற்கிலிருந்த பாதிரியார்கள், பிரமுகர்கள் பெயருக்கே மூட்டை மூட்டையாக அனுப்பியது. ஜூலை 29 இரவு தெற்கு கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத் தபால் நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அந்தத் தபால் பையைத் தூக்கிச் சென்றது. மறுநாள் இரவு பெருங்கூட்டம் பார்த்திருக்க, அடிமைமுறை எதிர்ப்பு இதழாசிரியர் கேரிசன் உள்ளிட்டோரின் கொடும்பாவிகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள்.

கும்பலைவிட அரசு நடந்துகொண்ட விதம்தான் எனக்குக் கொதிப்பைத் தருகிறது. தெற்கின் அஞ்சல் அதிகாரிகள் இந்த இதழ்களை நிறுத்திவைத்தபோது, துறைத் தலைவர் அமோஸ் கெண்டல் அதைக் கண்டிக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஜாக்சனோ தடைச் சட்டமே கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுக்கவில்லை. தபாலை வேண்டுமென்றே முடக்கும் அதிகாரிக்குத் தண்டனை என்று 1836-இல் சட்டம் வந்தும், தெற்கில் அதை மதித்தவர்கள் குறைவு.

அப்புறம் மோர்ஸ். அவர் அடிமைமுறையை ஆதரித்து வெளிப்படையாக எழுதியவர். அடிமைகள் பறித்த பருத்தியின் விலை நிலவரமும் அவருடைய தந்திக் கம்பியில்தான் போனது.